பென்சில் கீறாத பூச்சு பொட்டிபுரத்துப் புழுதிக்குத் தாங்காது

"செராமிக் அடிச்சாச்சுண்ணே. இனிமே கல்லைக் கொண்டு தேய்ச்சாலும் கீறல் விழாது." போடியில் புதிதாக வண்டி எடுத்த வீடுகளில் இந்தப் பேச்சுதான் இப்போது அதிகம். சொல்கிறவர் பெரும்பாலும் முப்பதைத் தாண்டாதவர். செல்போனில் இரண்டு வீடியோ பார்த்திருப்பார். செராமிக் பூச்சு மருந்து உள்ள ஒரு சின்னப் பாட்டிலை வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே காரை நிறுத்திப் பூசி முடித்திருப்பார். அப்படிப் பூசிய வெள்ளைக் கார் ஒன்று அண்மையில் பொட்டிபுரம் பக்கம் தோட்டத்துக்குப் போய்த் திரும்பியது. பானெட் முழுக்கப் புழுதி. சொந்தக்காரர் காய்ந்த துணியை எடுத்தார், அழுத்தித் துடைத்தார். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாதா என்று கேட்டதற்கு, செராமிக் இருக்கும்போது தண்ணீர் எதற்கு என்றார். சாயங்கால வெயில் சாய்வாக விழுந்ததும் பானெட் எங்கும் வட்டவட்டமாகக் கீறல்கள் தெரிந்தன. அவருடைய நம்பிக்கை அப்போதும் அசையவில்லை. அடுத்த முறை வேறு கம்பெனி பாட்டில் வாங்க வேண்டும் என்பதுதான் அவர் எடுத்த முடிவு.

படித்த பிள்ளைகள், பொறியியல் பட்டம் வாங்கியவர்கள்கூட இதை நம்புகிறார்கள். பாட்டிலின் மேல் '9 எச்' என்று அச்சடித்திருப்பதே அவர்களுக்குப் போதும். ஒன்பது என்றால் வைரத்துக்கு அடுத்தபடி என்று பொருள் கொள்கிறார்கள். வீடியோக்களும் அப்படியே சொல்கின்றன.

அந்த ஒன்பது வேறு ஒன்பது. வைரத்துக்குப் பத்து, மாக்கல்லுக்கு ஒன்று என்று கனிமங்களின் கடினத்தை வரிசைப்படுத்தியவர் ஃப்ரீட்ரிக் மோஸ், ஆண்டு 1812. பாட்டிலில் உள்ள எண்ணுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அது பென்சில் சோதனையின் எண். ஐ.எஸ்.ஓ. 15184 என்ற தர விதிப்படி, பென்சிலைச் சீவி முனையைத் தட்டையாக உரசி, 45 டிகிரி சாய்வில், 750 கிராம் அழுத்தத்தில் பூச்சின் மேல் தள்ளுவார்கள். மிக மென்மையான 9 பி பென்சிலில் தொடங்கும் வரிசை, மிகக் கடினமான 9 எச் பென்சிலில் முடிகிறது. அந்தக் கடைசிப் பென்சிலும் கீறவில்லை என்றால் பூச்சு '9 எச்' ஆகிவிடும். பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். கிராஃபைட்டுக்கு மோஸ் வரிசையில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் இடம். பென்சிலால் கீற முடியாத ஒரு பூச்சை வாங்கி வைத்துக்கொண்டு, கல்லால் தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார்கள்.

கல்லைப் பற்றிப் பேசுவதானால் பொட்டிபுரத்துக்கே போகலாம். போடியிலிருந்து தேவாரம் போகும் பக்கம், மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிற இந்தக் கிராமத்தின் பேர் நாடெங்கும் அடிபட்டது நியூட்ரினோ ஆய்வகத்தால். 50,000 டன் இரும்பில் ஒரு காந்தக் கருவியை மலைக்குள் நிறுத்தும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை வேண்டும், அதுவும் பிளவில்லாத உறுதியான பாறையாக வேண்டும் என்று தேடிய விஞ்ஞானிகள் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். திட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை வழக்குமன்றங்கள் வரை போனது.  அந்த மலையின் பாறை சார்னோக்கைட். சென்னைப் பல்லாவரத்திலும் இதே இனம்தான். அங்கிருந்து கொண்டுபோன கல்தான் கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதியில் இருக்கிறது. 1893-இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தச் சார்னாக்கின் பேரையே பாறைக்கு வைத்தார். இந்தப் பாறையில் குவார்ட்ஸ் நிறைய. குவார்ட்ஸின் இடம் மோஸ் வரிசையில் ஏழு. பேனாக் கத்தியின் எஃகே ஐந்தரை அளவில்தான் நிற்கும்.

மலை உதிர்ந்து மண்ணாகும்போது மற்ற கனிமங்கள் களிமண்ணாக மாறிவிடும். குவார்ட்ஸ் மட்டும் அப்படியே துகளாக மிஞ்சும். வண்டியின் மேல் படிகிற பொட்டிபுரத்துப் புழுதியில் நரநரவென்று இருப்பது அதுதான். பென்சிலை வென்ற பூச்சின் மேல் இந்தப் புழுதியைப் போட்டு, காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் எது ஜெயிக்கும் என்று சொல்ல ஆய்வகம் தேவையில்லை. பூச்சிலும் சிலிக்கா, புழுதியிலும் சிலிக்கா என்பது பாட்டில்காரர்கள் சொல்லாத செய்தி. புழுதியில் இருப்பது கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்குள் வெந்து இறுகிய படிகம். வண்டியின் மேல் இருப்பது நேற்று மதியம் துணியால் தடவிய படலம்.

படலத்தின் தடிமன் எவ்வளவு? ஒரு மைக்ரான், மிஞ்சினால் இரண்டு. தலைமுடி ஒன்றின் குறுக்களவு சுமார் 70 மைக்ரான். கம்பெனியில் அடித்து வந்த பெயிண்ட், இரும்பின் மேல் முதல் பூச்சிலிருந்து மேலே இருக்கும் கண்ணாடி போன்ற கிளியர் கோட் வரை எல்லாம் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான் வரும். அதில் கிளியர் கோட் மட்டும் 40 மைக்ரான் அளவு. ஒரு மைக்ரான் படலம் இந்த 40 மைக்ரான் மெத்தையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேலிருந்து ஒரு மணல் துகள் அழுத்தினால் அடியில் உள்ள மெத்தை அமுங்கும், படலமும் கூடவே விரியும். லாரிக்குப் பின்னால் போகும்போது சல்லிக் கல் பறந்து வந்து அடித்தால் கேட்கவே வேண்டாம். கல்லடியைத் தாங்குவது 150, 200 மைக்ரான் தடிமனில் ஒட்டுகிற பாலியூரித்தேன் ஃபிலிம். அது வேறு பொருள், வேறு விலை, வேறு வேலை. அதையும் இதையும் ஒன்றாக்கிப் பேசுவது பித்தலாட்டம்.

இதைவிட மோசமான கணக்கு ஒன்று இருக்கிறது. செராமிக் பூசுவதற்கு முன்னால் பெயிண்டைப் பாலிஷ் போட வேண்டும். பழைய கீறல்களோடு பூசினால் அந்தக் கீறல்கள் படலத்துக்கு அடியில் அப்படியே நின்றுவிடும். பாலிஷ் என்பது தேய்த்து எடுப்பது. மெதுவாகப் போட்டாலே கிளியர் கோட்டில் ஓரிரு மைக்ரான் போய்விடும். வாடகைக்கு எடுத்த மெஷினைப் பழக்கமில்லாத கை பிடித்து, கதவு விளிம்பில் ஒரே இடத்தில் நிறுத்தினால் அதைவிடப் பல மடங்கு போகும். ஒரு மைக்ரானை ஏற்றுவதற்காக மூன்று மைக்ரானைத் தேய்த்துத் தள்ளிவிட்டு, பெயிண்டைக் காப்பாற்றிவிட்டோம் என்கிறார்கள். இழந்த கிளியர் கோட் திரும்பி வராது. அதில்தான் வெயிலைத் தாங்குகிற மருந்து இருக்கிறது.

சரி, முறையாகச் செய்கிறவர்களாவது உண்டா? முறை என்னவென்று பாட்டிலோடு வரும் தாளிலேயே இருக்கிறது. நிழலில், மூடிய இடத்தில், தகடு குளிர்ந்திருக்கும்போது பூச வேண்டும். கழுவி, களிக்கட்டியால் தார்ப்பிசுக்கும் இரும்புத் துகளும் எடுத்து, எண்ணெய்ப் பசை போக ஆல்கஹாலால் துடைத்திருக்க வேண்டும். சின்னச் சின்னப் பகுதியாகக் குறுக்கும் நெடுக்குமாகத் தடவி, வானவில் மாதிரி நிறம் ஓடத் தொடங்கியதும் உடனே வேறு துணியால் சமப்படுத்த வேண்டும். ஒரு நாளாவது ஈரம் படாமல், ஒரு வாரமாவது சோப்பு படாமல் வைத்திருக்க வேண்டும். காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்துதான் இந்த மருந்து இறுகுகிறது. பாலிசிலசேன் வகை இறுகும்போது அமோனியா கிளம்பும், கண் எரியும்.

இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போடித் தெருவைப் பார்க்க வேண்டும். வாசல் திறந்த வெளி. சித்திரை வெயிலில் பத்து மணிக்கே பானெட்டில் கை வைக்க முடியாது. மருந்து தடவிய இடத்திலேயே காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும். ஆனி, ஆடியில் மலைக் கணவாய்களிலிருந்து இறங்குகிற காற்று மண்ணை வாரி இறைக்கும். ஈரம் காயாத பூச்சில் பொட்டிபுரத்துப் புழுதி வந்து உட்காரும், உட்கார்ந்த இடத்திலேயே இறுகும். ஐப்பசியில் மழை. மலை மேல் எஸ்டேட்டில் நிறுத்தினால் மூடுபனி. எந்த மாதத்தில் எந்த வாசலில் இதைச் சரியாகச் செய்ய முடியும்? திட்டு இறுகிவிட்டால் துடைத்தால் போகாது. மறுபடி பாலிஷ், மறுபடி கிளியர் கோட்டுக்குச் சேதம்.

தண்ணீர் முத்து முத்தாக உருள்வதைக் காட்டி வாயை அடைக்கிறார்கள். சேம்பு இலையில் உருளாத தண்ணீரா? நகத்தால் கீறினால் அந்த இலை கிழியாதா? தண்ணீர் ஒட்டாமல் இருப்பது ஒரு குணம், கீறல் தாங்குவது இன்னொரு குணம். சமவெளியில் பல வீடுகளுக்கு ஆழ்குழாயின் உப்புத் தண்ணீர்தான். துடைக்காமல் விட்டால் ஒவ்வொரு முத்தும் நின்ற இடத்திலேயே வற்றி, சுண்ணாம்பு வளையமாகக் காய்ந்து பிடித்துக்கொள்ளும். செராமிக் போட்ட வண்டியில் உப்புக்கறை புள்ளிபுள்ளியாக இருப்பதை வாட்டர் வாஷ் கடைக்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

லைட்டரைக் கொளுத்திப் பானெட்டில் காட்டுகிற வீடியோ இன்னொரு ஏமாற்று. இறுகிய கிளியர் கோட் சில நொடி நெருப்பைத் தானாகவே தாங்கும். பூச்சு இல்லாத வண்டியிலும் அதே லைட்டரைக் காட்டியிருந்தால் அதுவும் தாங்கியிருக்கும். அதை அவர்கள் காட்டவே மாட்டார்கள்.

ஷோரூம்கள் இந்த ஏமாற்றைப் பில்லாகவே போடுகின்றன. இருபதாயிரம், முப்பதாயிரம் என்று டெலிவரி அன்று அவசரத்தில் சேர்த்துவிடுகிறார்கள். முன்பு இதே மேசையில் டெஃப்ளான் விற்றார்கள். தோசைக்கல்லில் டெஃப்ளான் பிடிப்பது அது உருகுகிற 327 டிகிரிக்கு மேல் சூடேற்றுவதால். அந்தச் சூட்டில் கார் பெயிண்ட் கருகிப்போகும். கார் தகட்டில் அது எப்படிப் பிடித்திருக்கும் என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. ஆண்டுக்கணக்கில் வாரண்டி என்று தருகிற தாளில் சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது? குறித்த இடைவெளியில் அவர்களிடமே காசு கொடுத்துப் பராமரிக்க வேண்டும், தவறினால் வாரண்டி இல்லை. கல்லடி, உப்புக்கறை, பறவை எச்சம் பல வாரண்டிகளில் சேராது. வண்டிக்கு வருகிற தொல்லைகளே அவைதான்.

இந்தப் பைத்தியம் இப்போது ஏலத்தோட்ட ஜீப்புகளுக்கும் பரவுகிறது. அங்கேதான் கோபம் அதிகமாக வருகிறது. விடிவதற்கு முன்னால் கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்து முந்தலைத் தாண்டிப் போடிமெட்டு ஏறுகிற ஜீப்பின் எதிரி கீறல் இல்லை. துரு. ஏலத்தில் அழுகல் நோய்க்கு அடிக்கிற போர்டோ கலவை, நூறு லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும். மருந்து ட்ரம் தளும்பி ஜீப்பின் தரையில் ஊற்றும். மயில்துத்தம் பட்ட இரும்பு அரித்துப்போகும். அடித்தகடு, சேஸிஸ் மூலை, கதவின் அடிமடிப்பு என்று சேறு தங்குகிற இடமெல்லாம் உள்ளிருந்தே உளுத்துப்போகும். மேலே பளபளக்கிற பானெட்டில் தடவிய படலம் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. ட்ரம் இறக்கிய அன்றே அடிப்பாகத்தில் நல்ல தண்ணீர் பீய்ச்சி அலசினால் அந்த ஜீப் இன்னும் பத்து வருடம் ஓடும். அதற்குப் பாட்டில் வேண்டாம், அரை மணி நேரம் போதும்.

டயரைப் பற்றியும் கேட்டாக வேண்டும். கார் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது சட்டம். மைக்ரானில் சொன்னால் 1,600. ஒரு மைக்ரான் பளபளப்புக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர் அந்த 1,600 மைக்ரான் மிச்சம் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதில்லை. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மழையில் அந்த வளைவுகளில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது டயரும் பிரேக் பேடும். பேட் தேய்ந்து கிரீச்சிடுகிற வண்டிகள் கண்ணாடியாக மின்னிக்கொண்டு மலை ஏறுவதை முந்தலில் நின்றால் எந்த நாளும் பார்க்கலாம்.

பெயிண்ட் நன்றாக இருக்க வேண்டும் என்று உண்மையிலேயே நினைக்கிறவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். புழுதியோடு துணி வைக்கக் கூடாது. முதலில் மேலிருந்து தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கிவிட வேண்டும். அதற்கப்புறம் ஷாம்பூ, அதற்கப்புறம் அலசி, வெயில் வருவதற்குள் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். பறவை எச்சத்தை அன்றைக்கே நனைத்து எடுக்க வேண்டும். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை சாதாரண மெழுகு போட்டாலே தண்ணீர் உருளும், அதைத் தப்பாகப் போட்டாலும் துடைத்து எடுத்துவிடலாம். நிழலில் நிறுத்த ஒரு தகரக் கொட்டகை போட்டால் இன்னும் நல்லது; ஷோரூம் கேட்கிற முப்பதாயிரத்தில் பெரும்பகுதி அதற்குச் சரியாக இருக்கும், மழைக்கும் வெயிலுக்கும் பல வருடம் நிற்கும். ஷோரூமில் செராமிக் பில்லை நீட்டினால் கையெழுத்துப் போடுவதற்கு முன், பூசுவதற்கு முன்னும் பின்னும் பெயிண்டின் தடிமனை மீட்டர் வைத்து அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தத் துணியால், எந்த மெஷினால் பாலிஷ் போடுவார்கள் என்றும் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அந்த வரியை அடித்துவிட்டு மிச்சப் பணத்தை மட்டும் கட்டுங்கள்.