மேட்டைப் பசுமையாக்கிய கைகள்

உழவர்கரைக்கு வடக்கே, இலாசுப்பேட்டையைக் கடந்து போனால் செம்மண் மேடு தொடங்குகிறது. இன்று அடர்ந்த காடு நிற்கும் அந்நிலம், 1960களில் பனைகள் ஆங்காங்கே தனித்தனியே நின்ற பொட்டல். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்மண் கரைந்து, ஓடைகளை ஆழப் பிளந்துகொண்டு கடலுக்குப் போயிற்று. கடுவெளிச் சித்தர் இரும்பைக் கோயிலில் இட்ட சாபத்தால் இம்மண் பாழ்பட்டதென்றும், தொலைவிலிருந்து வருவோரால் மீண்டும் தழைக்கும் என்றும் சுற்றூர்களில் ஒரு கதை வழங்குகிறது.

1968 பிப்ரவரி 28 அன்று அவ்வாறே வந்தார்கள். ஆலமரம் ஒன்றின் அருகே ஏறத்தாழ ஐயாயிரம் பேர் கூடினர். 124 நாடுகளின் மண்ணும் இந்திய மாநிலங்களின் மண்ணும் தாமரை மொட்டு வடிவச் சலவைக்கல் கலசத்துள் இடப்பட்டன. தொண்ணூறு அகவை நிறைந்திருந்த ஆசிரமத் தலைவி அன்னை, புதுவை அரவிந்தர் ஆசிரமத்தில் தம் அறையில் இருந்தபடியே புது நகரின் சாசனத்தைப் பிரெஞ்சு மொழியில் வாசித்தார். வானொலி அதனை மேட்டுக்குக் கொண்டு சேர்த்தது. அரவிந்தர் பெயரால் அந்நகர் ஆரோவில் ஆயிற்று. அதனுள் எழுந்த சிறு குடியிருப்புகளும் ஆஸ்பிரேஷன், சர்டிட்யூட் எனப் புதுப்பெயர் பெற்றன.

புது நிலத்தில் குடியேறுவோர் தம் நம்பிக்கையிலிருந்து பெயர் எடுப்பது இயல்பே. 1847இல் அமெரிக்காவின் உட்டா பகுதியை அடைந்த மார்மன் சமயத்தாரும் நீபை, மொரோனை என்று தம் மறைநூற் பெயர்களையே ஊர்களுக்கு இட்டனர். ஆனால் அங்கு வழிவழி வாழ்ந்த யூட் குடிகள் பின்னர்த் தம் நிலத்தை இழந்தனர். இங்கே சுற்றூர்களான குயிலாப்பாளையமும் இடையஞ்சாவடியும் கோட்டக்கரையும் தத்தம் பெயரோடு நிலைத்திருக்கின்றன. அது பெரும்பேறு.

எனினும் தொடக்கக் கதை கலசத்தோடு முடிந்துவிடலாகாது. அயல்நாட்டு இளைஞர்கள் கீற்றுக்குடிசையில் தங்கி மரம் நட்ட ஈகம் போற்றத்தக்கது. அதனை ஒரு சொல்லாலும் குறைக்கமாட்டோம். அவர்களுக்குத் தோள் கொடுத்தவர்கள் இவ்வூர்களின் உழவர்களும் கூலிகளும் ஆவர். மழைநீர் ஓடிவிடாமல் வரப்புக் கட்டியவர்கள், குழி வெட்டியவர்கள், மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டு வந்து கன்றுகளுக்கு ஊற்றியவர்கள் அவர்கள். எந்தச் சரிவில் வெள்ளம் இறங்கும், எந்தக் கன்றை ஆடு விட்டுவைக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சாசனம் எழுதப்பட்டது, கலசம் காக்கப்படுகிறது. இந்த அறிவும் உழைப்பும் அவற்றுக்கு நிகராகக் காக்கப்பட வேண்டியவை.

அன்று இருபது அகவையில் மண்வெட்டி பிடித்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த ஆரோவில் அறக்கட்டளையும், புதுவைப் பல்கலைக்கழகமும், தமிழக அரசும் இணைந்து, ஊர் ஊராகச் சென்று அம்முதியோர் வாய்மொழியைப் பெயரோடும் ஊரோடும் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். தமிழில் நூலாக்கி வெளியிட வேண்டும். அந்நூல் முதலில் குயிலாப்பாளையத்துப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்குச் செல்ல வேண்டும். அதற்கான பணி இவ்வாண்டிலேயே தொடங்கட்டும்.