கைக்கெட்டும் தொலைவில்

சுற்றுலா முடிந்து ஊர் திரும்பும் மாணவரின் திறன்பேசியில் முந்நூறு படங்கள் இருக்கும். அருவி, மலைமுகடு, கடலில் எழும் சூரியன், அவற்றின் முன்னே நிற்கும் நண்பர்கள். அடுத்த சுற்றுலா வரும்வரை அக்கருவி படமெடுக்கும் வேலையை ஏறக்குறைய மறந்தே கிடக்கும். காரணம் கேட்டால், "எங்கள் ஊரில் படமெடுக்க என்ன இருக்கிறது?" என்னும் வினாவே விடையாக வரும். அவ்வினாவில் ஓர் ஏக்கம் உண்டு. ஏக்கத்தைவிட மிகுதியாக ஒரு தீர்ப்பும் உண்டு. தான் பிறந்து வளர்ந்த தெரு பார்க்கத் தகுந்ததன்று என்னும் தீர்ப்பு அது. அதை வழங்கியவர் யாரென்று கேட்டால் அம்மாணவருக்கே சொல்லத் தெரியாது.

ஒளிப்படக்கலையின் வரலாறு இத்தீர்ப்பை ஏற்பதில்லை. கருவிகொண்டு எடுக்கப்பட்டு இன்று எஞ்சியிருக்கும் படங்களுள் மிகப் பழையது, பிரான்சு நாட்டின் நியெப்ஸ் 1827ஆம் ஆண்டையொட்டித் தம் வீட்டு மாடிச் சாளரத்திலிருந்து எடுத்ததாகும். கூரைகளும் சுவர்களுமே அதில் உள்ளன. இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பட் 1844ஆம் ஆண்டில் எடுத்த 'திறந்த கதவு' இன்னும் எளியது. தம் இல்லத்தைச் சார்ந்த ஒரு கட்டடத்தின் வாயில். அதன் ஓரத்தில் சாய்த்து வைத்த துடைப்பம். பக்கத்தில் தொங்கும் ஒரு விளக்கு. துடைப்பத்தின் சாய்வும் கதவின்மேல் விழுந்த நிழலின் சாய்வும் ஒத்துச் செல்கின்றன. 'இயற்கையின் எழுதுகோல்' என்று பொருள்படும் பெயரில் அவர் வெளியிட்ட நூலில் அப்படத்துக்கும் இடமளித்தார். புதிதாகப் பிறந்த ஒரு கலையை உலகுக்கு அறிமுகம் செய்யும் நூலில், பெருக்கி முடித்து ஓரமாக வைக்கப்பட்ட துடைப்பம் வெட்கமின்றி நிற்கிறது!

பொருள் எளிதாகக் கிடைத்துவிடும். படம் அவ்வளவு எளிதாகக் கிடைத்துவிடாது. 1930ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், கலிபோர்னியாவின் கார்மல் என்னும் ஊரில், எட்வர்டு வெஸ்டன் குடைமிளகாய்களோடு சில நாள்களைக் கழித்தார். அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் அவற்றைப் படமெடுத்து வந்தவர் அவர். பல பின்புலங்களின்முன் வைத்துப் பார்த்தும் நிறைவு ஏற்படவில்லை. முடிவில், ஒரு காயைத் தகரப் புனலுக்குள் வைத்தார். புனலின் வளைந்த உட்பரப்பு ஒளியைத் திருப்பிக் காயின் பக்கங்களெல்லாம் படரச் செய்தது. முறுக்கேறிய முதுகோ, தழுவி நிற்கும் இருவரோ எனப் பார்ப்பவர் ஐயுறும்படி அக்காய் படத்தில் திரண்டு நிற்கிறது. அப்படத்தின் பெயர் 'மிளகாய் எண் 30'. பெயரிலுள்ள எண்ணையும் கவனிக்க வேண்டும்.

திறன்பேசியில் முப்பது படங்களை அரை நிமிடத்தில் எடுத்துவிடலாம். அந்த முப்பது வெஸ்டனின் முப்பதுக்கு ஈடாகாது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் கண் ஏதேனும் கற்றிருக்க வேண்டும். கருவி விரைவாகிவிட்டது, கண் விரைவாகிவிடவில்லை.

கண் முதலில் கற்க வேண்டியது ஒளியை. வாசலில் இட்ட கோலத்தையே எடுத்துக்கொள்ளலாம். காலை ஆறரை மணியளவில் கிழக்கிலிருந்து தாழ்ந்து வரும் வெயில், அரிசிமாவின் மயிரிழை உயரத்துக்கும் ஒரு நிழல் தருகிறது. கோடுகள் மண்ணிலிருந்து எழுந்து நிற்பன போலத் தோன்றும். பத்து மணிக்கு அதே கோலம் தட்டையாகிவிடும். கோலம் மாறவில்லை, வெயிலின் கோணம் மாறியிருக்கிறது. துலக்கி வைத்த பித்தளைக் குடமோ வேறொரு பாடம் சொல்லும். அதன் வயிற்றில் சமையலறை முழுவதும் வளைந்து தெரியும்: சாளரம், அடுப்பு, கொடியில் கிடக்கும் துண்டு, இவற்றோடு படமெடுப்பவரின் மூக்கும். தன்னை அதிலிருந்து அகற்ற அவர் படும் பாட்டில், ஓரடி விலகி நிற்பதன் பயனை எந்தப் பாடநூலும் சொல்லாத தெளிவோடு அறிந்துகொள்வார்.

எல்லாப் பொருளும் இப்படி வாய் திறப்பதில்லை. எவர்சில்வர்க் குவளை ஒன்றை ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தும் அது வெறும் குவளையாகவே இருந்துவிடுவதுண்டு. அதில் தவறொன்றுமில்லை.

வீட்டைவிட்டு வெளியே வந்தால், நடந்தோ மிதிவண்டியிலோ போய்வரக்கூடிய தொலைவில் வாரச்சந்தை இருக்கும். நீலத் தார்ப்பாயின் கீழே தக்காளிக் குவியல் தன் சிவப்பை இழந்து மங்கிக் கிடக்கும். தார்ப்பாயின் கிழிசல் வழியே ஒரு கற்றை வெயில் விழும் இடத்தில் மட்டும் அது கனன்று எரியும். ஆனால் சந்தைக்குச் செல்லும் இளம் ஒளிப்படக்காரர் பெரும்பாலும் தேடுவது தக்காளியையன்று, சுருக்கம் விழுந்த ஒரு முதியவரின் முகத்தை. கேளாமல் எடுத்த அப்படத்துக்கு 'வறுமை' என்று தலைப்பும் இட்டுவிடுவார். அந்தப் பாட்டிக்கு அன்று கீரை முழுவதும் விற்றுத் தீர்ந்திருக்கலாம். கண்ணில் வெயில் பட்டதால் முகம் சுளித்திருக்கலாம். பிறர் முகத்தில் தம் கருத்தை எழுதிவிடும் இச்செயல் பரிசுகளைப் பெற்றுத் தரினும் மதிக்கத்தக்கதன்று. கேட்டு, அவர் இசைந்தபின் எடுப்பது ஒருவழி. அதற்கு நாணுவோர்க்குப் பொருள்களின் வழி திறந்தே இருக்கிறது. அது தாழ்ந்த வழியுமன்று.

கோடையில் தெருக்குழாயின்முன் நிற்கும் குடங்களைப் பார்க்கலாம். பச்சை, மஞ்சள், ஊதா, சிவப்பு என நெகிழிக் குடங்களின் நீண்ட வரிசை. வண்ணத்துக்காகவே அதைப் படமெடுப்பவர் பலர். சற்று நேரம் நின்றால் வேறொன்று புலப்படும். வரிசையில் ஆள்களே இல்லை. குடங்கள்தாம் இடம் பிடித்திருக்கின்றன. உரியவர்கள் உலை வைக்கவோ பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவோ போயிருப்பார்கள். அடையாளத்துக்காக ஒரு குடத்தின் கழுத்தில் பழஞ்சேலைக் கிழிசல் கட்டியிருக்கும். மற்றொன்றில் பெயரின் முதலெழுத்து கீறியிருக்கும். அக்கிழிசலை நெருங்கி எடுத்த படத்தில் எவருடைய முகமும் இராது. தண்ணீருக்காக ஒரு தெரு காத்திருக்கும் காலம் முழுவதும் இருக்கும்.

ஒருமுறை சென்ற இடத்துக்கே மீண்டும் மீண்டும் செல்வதும் உள்ளூர் உலாவின் சிறப்பு. தொலைதூரச் சுற்றுலாவில் இது இயலாது. மழைக்காலத்தில் ததும்பி நிற்கும் ஏரி சித்திரையில் வெடித்த சேறாகக் கிடக்கும். ஒரே மதகை, ஒரே இடத்தில் நின்று, மாதம் ஒருமுறை படமெடுத்து வரலாம். மதகுக் கல்லில் நீர் விட்டுச்செல்லும் கறைக்கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வெளிப்படுவதைப் பன்னிரண்டு படங்களும் சேர்ந்து காட்டும். அவ்வூரின் ஓராண்டு நீர்க்கணக்கு அது. இதைச் செய்ய வெளியூரிலிருந்து எந்தக் கலைஞரும் வரப்போவதில்லை. திண்ணைகள் இடிக்கப்படுகின்றன, மரக்கால் பரணுக்குப் போய்விட்டது, ஆட்டுக்கல் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது. ஊரில் ஒன்றுமில்லை என்று நம்பிய தலைமுறையின் கையில் கருவி இருந்தும் இவை படமாகாமலே மறைகின்றன.

பெருஞ்சின்னங்களைப் படமெடுக்கவே கூடாது என்பதன்று கருத்து. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரரான லினேயஸ் டிரைப் 1858ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டு வரிகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். அண்ணாந்து பார்க்கும் இடத்திலும் குனிந்து பார்க்க இடமுண்டு.

வெளியே செல்லவே வழியில்லாதவர் என்ன செய்வது? செக் நாட்டின் யோசப் சுடெக் நூல்களுக்கு அட்டை கட்டும் தொழில் பயின்றவர். முதல் உலகப்போரில் வலக்கையை இழந்ததால் அத்தொழிலைத் தொடர இயலாமல் ஒளிப்படத்துக்கு வந்தார். பிராக் நகரை 1939இல் செருமானியப் படை கைப்பற்றிய பின், கருவியோடு தெருவில் உலவுவது இடருக்குரியதாயிற்று. தோட்டத்துக்குள் இருந்த தம் சிறிய பணிக்கூடத்தின் சாளரத்தை அவர் படமெடுக்கத் தொடங்கினார். கண்ணாடியில் படிந்த நீர்த்திவலை, அதற்கப்பால் வளைந்த ஒரு மரம், சாளரத் திட்டில் ஒரு குவளைத் தண்ணீர். 1940 முதல் 1954 வரை பதினான்கு ஆண்டுகள் அதே சாளரம். போர் முடிந்து தெருக்கள் திறந்த பின்னும் அவர் அதைவிட்டு அகலவில்லை என்பது எண்ணத்தக்கது.

தட்டின் விளிம்பில் சாய்ந்த ஒரு முள்கரண்டியை 1928இல் படமெடுத்துப் புகழ்பெற்ற ஆந்த்ரே கெர்ட்டெசின் முதுமையும் ஒரு சாளரத்தருகே கழிந்தது. 1977இல் அவர் மனைவி எலிசபெத் மறைந்தார். எண்பது வயதைக் கடந்த கெர்ட்டெஸ், நியூயார்க் நகரின் அடுக்குமாடி வீட்டில் தனித்திருந்தார். கடையொன்றில் கண்ட சிறிய கண்ணாடிச் சிலையின் கழுத்தும் தோளும் மனைவியை நினைவூட்ட, அதை வாங்கிவந்து சாளரத் திட்டில் வைத்தார். உடனே படம் தரும் போலராய்டு கருவியால் அதைப் பலமுறை படமெடுத்தார். காலையில் ஒரு வானமும் மாலையில் வேறொரு வானமும் அச்சிலைக்குள் புகுந்து வெளியேறின.