மனநோய் மாத்திரை வலிக்கு எதற்கு?

ஸ்பிரிங்வெளியில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் என்னிடம் ஒரு மாத்திரை உறையைக் காட்டினார். "பாரு தங்கச்சி, ஒடம்பு வலின்னுதான் போனேன். இது மனசு சரியில்லாதவங்க போடுற மாத்திரைன்னு லயத்துல சொல்றாங்க. எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டார். மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிட்டாராம்.

அவருக்குக் கழுத்து, தோள், இடுப்பு, கால் எங்கும் வலி. தூங்கி எழுந்தாலும் களைப்பு. இரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் குறை ஒன்றும் தெரியவில்லை. கொழுந்து குறைந்து அரைப்பேர் விழும் நாட்களில் சோம்பேறி என்ற ஏச்சு வேறு. பைப்ரோமயல்ஜியா என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

இந்த வலி பொய்யல்ல. தசையிலோ மூட்டிலோ பழுது இருக்காது. வலியை உணரும் நரம்பு மண்டலம் சிறு வலியையும் பெரிதாக்கிவிடுகிறது. வலியைத் தணிக்க நம் உடம்பிலேயே ஓர் ஏற்பாடு உண்டு. மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியாக இறங்கும் நரம்புகள் செரட்டோனின், நோரட்ரினலின் என்ற இரசாயனங்களால் வலியை அடக்குகின்றன. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்வதும் இதே இரசாயனங்களின் மீதுதான். அதனால்தான் ஒரே மாத்திரை இரண்டுக்கும் தரப்படுகிறது.

அக்காவின் கையிலிருந்தது அமிட்ரிப்டிலின். 1961 முதல் மனச்சோர்வுக்குப் பயன்படும் பழைய மாத்திரை அது. மனச்சோர்வுக்கு 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் தேவைப்படும். வலிக்கோ பெரும்பாலும் இரவில் 10 மில்லிகிராமில்தான் தொடங்குவார்கள். தூக்கம் சீராகும், வலி குறையச் சில வாரங்கள் செல்லும். மூன்று நாளில் பலனை எதிர்பார்க்க முடியாது.

எல்லோருக்கும் இது பலிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய வாதநோய் நிபுணர்கள் 2016இல் வெளியிட்ட பரிந்துரையில், மாத்திரைகளைவிட உறுதியாகச் சொல்லப்பட்டது உடற்பயிற்சிதான். "மலை ஏறி இறங்குறது பத்தாதா?" என்று கேட்பீர்கள். கூடை சுமப்பது உடலை வருத்தும் வேலை. பயிற்சி என்பது வலிக்கு ஏற்ப மெதுவாகத் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டுவது.

இந்த மாத்திரையால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும், காலையில் மயக்கமாக இருக்கலாம். செங்குத்தான மலையில் வேலை செய்பவர்கள் இதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இருதய நோய், கண் அழுத்த நோய், கர்ப்பம் இருந்தாலும் மறைக்கக் கூடாது. அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். நிறுத்துவதானாலும் வைத்தியரைக் கேட்டே நிறுத்துங்கள்.

சிங்களம் தெரியாததால், "இது எதற்கு?" என்று அக்கா அன்று கேட்கவே இல்லை. அடுத்த கிளினிக்குக்கு, பள்ளியில் சிங்களம் படித்த மகளைக் கூட்டிப் போவதாகச் சொன்னார். நீங்களும் கேளுங்கள். கேட்பது நம் உரிமை. வலிக்கிறது என்று ஒருத்தி சொன்னால், முதலில் அவளை நம்புவது வீட்டாரின் கடமை.