அறப்பள்ளி நாதர் அருகே ஒரு மனை

கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயில் கொண்ட அறப்பள்ளி, சம்பந்தரும் அப்பரும் தம் பதிகங்களில் நினைந்து போற்றிய வைப்புத் தலம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சென்று தொழும் அன்பர்களுக்கு, எஞ்சிய நாளை இறைவன் அருகிலேயே கழிக்கலாகாதா என்று தோன்றுவது இயல்பே. அந்த ஏக்கத்திற்கு விலை பேசுவோரும் இப்போது உண்டு.

நாமக்கல்லில் வாழும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், ஆடிப் பதினெட்டன்று மனைவியுடன் மலையேறினார். தரிசனம் முடித்து வெளியே வந்தவரிடம், “கோயில் மணியோசை கேட்கும் தூரத்தில் மனை, ஐயா” என்று தரகர் ஒருவர் துண்டறிக்கையை நீட்டினார். அம்மையாரின் கண்கள் கலங்கின. பணிக்கொடை வங்கியில் அப்படியே இருந்தது. முன்பணம் தர ஆசிரியர் இசைந்துவிட்டார்.

“மாமா, மூலப் பத்திரம் பார்த்தீர்களா?” என்று கேட்டவர் மருமகன்.

வில்லங்கச் சான்றில் குறையேதும் இல்லை. ஆயின் அது பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். நிலம் முதன்முதலில் எவருக்கு, எந்த நிபந்தனையுடன் வழங்கப்பட்டது என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில்தான் அறிய வேண்டும். அங்கே விசாரித்தபோது, அது மலைவாழ் குடும்பம் ஒன்றிற்கு அரசு ஒப்படைத்த நிலம் என்று தெரிந்தது. நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது. அரசு நிலத்தை மீட்டுக்கொள்ளவும் கூடும். பணம் கொடுத்தவர் தரகரைத் தேடி அலைய வேண்டியதுதான்.

நிலத்தில் குறையில்லாவிடினும் கேட்க வேண்டியவை இருந்தன. 8 மனைகளுக்கு மேலோ 500 சதுர மீட்டருக்கு மேலோ பிரித்து விற்பவர், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அறிவிக்கப்பட்ட மலையூர்களில் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் இசைவும் தேவை. துண்டறிக்கையில் பதிவு எண்ணே இல்லை. அம்மனின் படம் மட்டும் பெரிதாக இருந்தது! கோயிலருகே ஓடும் ஐயாறுதான் ஆகாய கங்கையாக விழுகிறது. மேலே எழும் வீடுகளின் கழிவுநீர் எங்கே போகும் என்பதையும் அது சொல்லவில்லை. நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் அந்த 70 வளைவுகளையும் இறங்கியாக வேண்டும்.

ஆசிரியரை அதிகம் உறுத்தியது வேறொன்று. விற்க முன்வந்தவர் சாமையும் மிளகும் விளைவிக்கும் எளிய மனிதர். மகளின் திருமணக் கடனுக்காகக் கையிலிருந்த ஒரே நிலத்தை விட்டுத்தரத் துணிந்திருந்தார். “அவரை எழுப்பிவிட்டு நாம் அங்கே உட்கார்ந்து சிவபுராணம் ஓதுவதா?” என்றார் அம்மையார்.

அடுத்த பிரதோஷத்திற்கு இருவரும் காலைப் பேருந்தில் மலையேறினர். அபிஷேகம் நிறைவதற்குள் கடைசிப் பேருந்து போய்விடுமோ என்ற கவலைதான் அம்மையாருக்கு.