பிள்ளைகளும் பேய்ப் படமும்

கச்சிராயபாளையத்துத் தோழர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தமது ஆறு வயது மகன் டெலிவிஷனிலும் கைபேசியிலும் "ஸ்கூபி டூ" என்னும் பொம்மைப் படத்தை விடாமல் பார்க்கிறானென்றும், அதில் கதைதோறும் பேய் வருகிறதென்றும், பேயே கிடையாதென்று மேடையேறிப் பேசுகிற நாம் இதைப் பிள்ளைகள் பார்க்கலாமென்கிறோமா, கூடாதென்கிறோமா என்றும் கேட்டிருக்கிறார். இதே சந்தேகம் மற்ற பெற்றோர்கட்கும் இருக்கக்கூடுமாதலால், நமது அபிப்பிராயத்தை இங்கு எழுதுகிறோம்.

முதலில் அந்தப் படம் இன்னதென்று பார்ப்போம். அது 1969-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அமெரிக்காவில் சி.பி.எஸ். டெலிவிஷனில் ஆரம்பமாயிற்று. அடிதடிப் பொம்மைப் படங்களால் பிள்ளைகள் கெடுகிறார்களென்று அந்நாட்டுப் பெற்றோர்கள் ஆட்சேபித்துக்கொண்டிருந்த சமயத்தில் வந்தது அது. நான்கு வாலிபர்களும் ஒரு நாயும் வண்டியேறி ஊர் ஊராய்ப் போகிறார்கள். போகிற இடத்தில் பாழடைந்த பங்களாவிலோ, சுரங்கத்திலோ ஒரு பேய் உலாவுவதாக ஜனங்கள் நடுங்குகிறார்கள். நாயும் அதன் தோழனும் அலறியடித்து ஓடுகிறார்கள். மற்றவர்களோ தடயம் தேடி, கண்ணி வைத்து, பேயைப் பிடித்து முகமூடியைக் கழற்றுகிறார்கள். உள்ளே இருப்பவன் யார்? ஒரு மனிதன்! புதையலுக்கோ, நிலத்துக்கோ, திருட்டு வியாபாரத்துக்கோ ஆசைப்பட்டு, ஜனங்களை விரட்டுவதற்காகப் பேய் வேஷம் போட்டவன்.

தோழர்களே! பேய்க்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான், அந்த ஆளுக்கு ஒரு லாபம் இருக்கிறது என்பதைத்தானே நாமும் இத்தனை காலமாய்த் தொண்டை வறளச் சொல்லி வருகிறோம்? அதை ஒரு நாயைக்கொண்டு சிரிக்கச் சிரிக்கச் சொன்னால் நமக்கென்ன ஆட்சேபணை இருக்க முடியும்?

ஆனால் பெயரைப் பார்த்து மாத்திரம் நம்பிவிடக் கூடாது. அதே நாயின் பெயரால் 1985-ல் வந்த தொடரில் ஒரு பெட்டியிலிருந்து 13 பேய்கள் வெளிப்படுகின்றன. அவை வேஷமல்ல, நிஜப் பேய்கள்! 1998-ல் வந்த முழுநீளப் படம் ஒன்றிலும் செத்துப் பிழைத்த பிணங்கள் நிஜமாகவே நடமாடுகின்றன. கடைப் பலகை ஒன்று, உள்ளே சரக்கு இரண்டு. ஆகவே, படத்தில் பேய் வருகிறதா என்பதல்ல கேள்வி. முடிவில் முகமூடி கழலுகிறதா என்பதே கேள்வி.

"கதைதானே, காக்கை பேசுகிறது, நரி பேசுகிறது, அதையெல்லாம் பிள்ளைகள் கேட்பதில்லையா?" என்று சிலர் கேட்கலாம். வாஸ்தவம். ஆனால் காக்கை பேசும் கதையைக் கேட்ட எந்தப் பிள்ளையாவது கூரைமேல் உட்கார்ந்த காக்கையிடம் சமாசாரம் விசாரிக்கிறதா? இல்லை. ஏனெனில், வீட்டில் ஒருவரும் காக்கை பேசுமென்று நம்புவதில்லை. பேய்க் கதை அப்படியல்ல. அதைப் பாட்டி நம்புகிறாள், அண்டை வீட்டார் நம்புகிறார்கள், பூசாரி நம்புவதாய்ச் சொல்லிக் காசு வாங்குகிறான். "சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போவான்" என்று சோறூட்டும்போதே தாயார் பாடம் ஆரம்பித்துவிடுகிறாள். படத்துப் பேய்க்குப் பலம் படத்திலிருந்து வருவதில்லை. நம் வீட்டிலிருந்தே வருகிறது!

சர்க்கார் இதைப் பார்த்துக்கொள்ளாதா என்று இருந்துவிடுவதிலும் பயனில்லை. 1994-ம் வருஷத்துக் கேபிள் டெலிவிஷன் விதிகளில், மூடநம்பிக்கையை வளர்க்கும் நிகழ்ச்சியைக் காட்டக் கூடாதென்று எழுதியிருக்கிறது. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமையென்று 1976-ல் அரசியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். இவ்வளவும் இருக்க, 2017, 2018 வருஷங்களில் சன் டி.வி.யில் பாம்பையும் ஆவியையும் வைத்து "நந்தினி" என்ற தொடர் நடந்தது. வீடே கூடி உட்கார்ந்து பார்த்தது. அப்போது பிள்ளையை யார் எழுந்து போகச் சொன்னார்கள்? அமெரிக்க நாயைப் பற்றிக் கவலைப்படுகிற நாம் இதைப் பற்றி ஏன் கவலைப்படவில்லை?

இதில் என்ன நஷ்டம் வந்துவிடப் போகிறதென்று அலட்சியமாய் இருக்கலாகாது. கடுஞ்சுரத்தில் சிறு பிள்ளைகட்கு வலிப்பு வருவதுண்டு. அது உடம்பின் சங்கதி. சில சமயம் மூளைக் காய்ச்சலின் அடையாளமாகவும் இருக்கும். அப்போது ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்குச் சமானம். பேயை நம்புகிற தகப்பன் என்ன செய்வான்? "காற்றுக் கருப்பு அடித்துவிட்டது" என்று வேப்பிலைக்காரனிடம் தூக்கிக்கொண்டு ஓடுவான். கல்வராயன் மலையடிவாரத்தில், கரும்புக்கு இராத்தண்ணீர் கட்டப் போகிறவனைப் பாம்பு தீண்டினாலும் இதே கதைதான். மந்திரிப்பதில் போன நேரத்தை எந்த ஆஸ்பத்திரியாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. இன்று படத்தைக் கண்டு பயந்து, அந்தப் பயத்தோடேயே வளருகிற பிள்ளைதான் நாளைக்கு அந்தத் தகப்பன்.

ஆகவே நமது முடிவு இதுதான். நான்கைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகட்கு எந்தப் பேய்ப் படமும் வேண்டாம். நிஜம் எது, வேஷம் எது என்று பிரித்தறிய அவ்வயதில் முடியாது. முகமூடி கழலுவதற்குள் தூக்கம் கெட்டுவிடும். சற்று வளர்ந்த பிள்ளைகள் முகமூடி கழலுகிற படத்தைத் தாராளமாய்ப் பார்க்கட்டும். ஆனால் படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம், தனியாகவும் வேண்டாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, பாதிக் கதையில் நிறுத்தி, "இந்தப் பேயால் யாருக்கு லாபம்?" என்று கேட்கட்டும். பிள்ளை தானே யோசித்துக் கண்டுபிடிக்கட்டும். நிஜப் பேய் வருகிற படமென்றால், அதை ஒருவன் உட்கார்ந்து வரைந்தான், ஒருவன் குரல் கொடுத்தான், ஒருவன் பணம் சம்பாதித்தான் என்று விளங்கச் சொல்லட்டும்.

கடிதம் எழுதிய தோழருக்கு ஒரு வார்த்தை. தங்கள் மகன் அந்தப் படத்தைப் பார்க்கட்டும். ஆனால் அதற்கு முன், அவன் இடுப்பிலோ கையிலோ மந்திரித்த கயிறு ஏதாவது கட்டியிருந்தால் அதைத் தாங்களே அறுத்தெறியுங்கள். கயிற்றைக் கட்டிக்கொண்டு பேயில்லையென்று படம் காட்டினால், பிள்ளை படத்தை நம்பமாட்டான், கயிற்றைத்தான் நம்புவான்.