கறுப்பு ஜன்னலில் ஒரு மொய் நோட்டு

சினிமாவில் ஒருவரைக் கம்ப்யூட்டர் புலி என்று காட்ட வேண்டுமா? கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓட வேண்டும், அது அவர் மூக்குக்கண்ணாடியில் தெரிய வேண்டும், பத்து விரலும் சாமி வந்த மாதிரி ஆட வேண்டும். முப்பது விநாடியில் ஒரு பேங்க்கே காலியாகிவிடும். இதைப் பார்த்துப் பார்த்து நம் வீடுகளில் அந்தத் திரை மீது ஒரு பயம் வந்துவிட்டது. பிள்ளை அதைத் திறந்தாலே, "டேய், எதையாவது அழிச்சி வைக்கப் போற!" என்று சமையல்கட்டிலிருந்து குரல் வருகிறது.

அதன் பெயர் டெர்மினல். ஹோட்டலில் படம் போட்ட மெனு அட்டையைத் தொட்டுக் காட்டியும் சாப்பாடு வாங்கலாம். சர்வரைக் கூப்பிட்டு, "தோசை முறுகலா, எண்ணெய் கம்மியா, சாம்பார் தனியா" என்றும் சொல்லலாம். நாம் தினமும் தொடும் ஆப்கள் எல்லாம் மெனு அட்டை ரகம். அட்டையில் இருப்பதுதான் கிடைக்கும். டெர்மினல், வாயைத் திறந்து கேட்கும் ரகம். வாய்க்குப் பதில் விரல், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டாம். இதைப் படிக்கிற ஆண்ட்ராய்டு போனிலேயே 'டெர்மக்ஸ்' என்ற இலவச ஆப்பைப் போட்டுக்கொண்டால் போதும். 'எஃப்-ட்ராய்டு' என்ற தளத்தில் இருக்கும் பதிப்பே நல்லது. வீட்டில் அரசு கொடுத்த பழைய லேப்டாப் இருக்கிறதா? 2011-ல் ஆரம்பித்த அந்தத் திட்டத்தின் லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் சேர்ந்து வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது. பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குள்ளும் இந்தக் கறுப்பு ஜன்னல் உண்டு.

ஒரு விஷயம். ஆணைகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில், புள்ளி இல்லாமல் தட்ட வேண்டும். இங்கே நான் எழுத்துகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் விளையாட்டு. லினக்ஸில் 'எல்.எஸ்.' என்று தட்டினால் கோப்புகளின் பட்டியல் வரும். நாள் முழுக்கத் தட்டுகிறவர்களுக்கு அவசரத்தில் அது 'எஸ்.எல்.' என்று மாறிவிழும். அதற்கென்றே ஜப்பானியரான டொயோடா மசாஷி 1993-ல் ஒரு குறும்பு செய்தார். அவர் எழுதிய 'எஸ்.எல்.' கருவியைப் போட்டு வைத்திருந்தால், தப்பாகத் தட்டியதும் எழுத்துகளாலேயே வரைந்த நீராவி ரயில் ஒன்று வலது ஓரத்திலிருந்து புகை விட்டுக்கொண்டு கிளம்பும். நடுவில் நிறுத்தவும் முடியாது. இடது ஓரத்தில் கடைசிப் பெட்டி மறையும் வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டும், ரயில்வே கேட்டில் நிற்பது போல. விழுப்புரம்–புதுச்சேரி பாதை 1879-ல் வந்தது. வளவனூர் ஸ்டேஷனில் நின்று புகை வண்டியைப் பார்த்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் அவரிடம் இதைக் காட்டுங்கள். எந்த ஆப்புக்கும் கிடைக்காத சிரிப்பு கிடைக்கும்.

'கவ்சே' என்று இன்னொன்று. நாம் தட்டுகிற வாசகத்தை ஒரு மாடு சொல்லும். மாட்டுப்பொங்கல் வாழ்த்துக்கு அம்சமாக இருக்கும். தமிழில் தட்டினால் மட்டும் மாட்டின் பேச்சுக் கட்டம் கோணலாகிவிடும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

'கர்ல்' என்ற கருவி இணையத்தில் இருக்கிற எதையும் எடுத்துவரும் பையன். ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க் உருவாக்கியது. நாணய மாற்று விகிதத்தை எடுத்துவரத்தான் அதை முதலில் ஆரம்பித்தார். இன்று நம் போன், டிவி, கார் எல்லாவற்றுக்குள்ளும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. 'கர்ல்' என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, 'டபிள்யூ-டி-டி-ஆர், புள்ளி, ஐ-என்' என்ற முகவரியையும் சாய்கோடு போட்டு ஊர்ப் பெயரையும் கொடுங்கள். விழுப்புரத்தில் மூன்று நாளைக்கு வெயிலா மழையா என்று எழுத்துகளாலேயே மேகம் வரைந்து காட்டும். ஊர்ப் பெயருக்குப் பதில் 'மூன்' என்று கொடுத்தால் (முதல் எழுத்து பெரியது) இன்றைய நிலா எந்தப் பிறையில் இருக்கிறது என்ற படம் வரும். அமாவாசை விரதம் இருப்பவர்கள் நாள்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது 'சி.ஏ.எல்.' லேப்டாப் லினக்ஸில் இந்த மூன்றெழுத்தைத் தட்டினால் இந்த மாதக் காலண்டர் வரும். அதோடு 9, 1752 என்ற எண்களைச் சேர்த்துத் தட்டிப் பாருங்கள். 1752 செப்டம்பரில் 2-ம் தேதிக்கு அடுத்து 14-ம் தேதி இருக்கும்! நடுவில் 11 நாட்களைக் காணோம். கருவியில் கோளாறு ஏதுமில்லை. பிரிட்டிஷ்காரர்கள் பழைய ஜூலியன் நாள்காட்டியை விட்டு கிரிகோரியனுக்கு மாறிய மாதம் அது. பிரெஞ்சுக்காரர்கள் 1582-லேயே மாறிவிட்டார்கள். அப்படியென்றால் நம் பக்கம் நடந்த வேடிக்கையை யோசியுங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளிக் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் ஆங்கிலேயர். அரை நாள் மாட்டுவண்டிப் பயணத்தில் தேதி 11 நாள் பின்னால் போய்விடும். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

விளையாட்டு போதும், வீட்டு வேலைக்கு வருவோம்.

வளவனூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. மூன்று தலைமுறை மொய் நோட்டுகள் பீரோவில் இருக்கின்றன. அவற்றைப் புரட்ட வேண்டிய அவசியமே அந்த வீட்டுக்கு இருந்ததில்லை, ஏனென்றால் எல்லாம் ஆயாவின் தலைக்குள் இருந்தது. யார், எந்த விசேஷத்துக்கு, எவ்வளவு என்று மளமளவென்று சொல்வார். ஒன்றிரண்டு வருடமாக ஆயாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது. ஐந்நூறு எழுதியவருக்கு இருநூறு திருப்பி எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை மட்டும் வராது.

காலேஜில் படிக்கும் பேத்தி அந்த நோட்டுகளை இரண்டு மாத லீவில் தமிழிலேயே தட்டி ஒரே கோப்பாக்கினாள். ஒரு வரிக்கு ஒருவர். பெயர், கமா, ஊர், கமா, தொகை, கமா, என்ன விசேஷம். ஆயிரத்துச் சொச்சம் வரிகள். அண்ணன் விட்டுப்போன பழைய லேப்டாப்தான். பேட்டரி செத்துவிட்டது, சார்ஜரிலேயே ஓடுகிறது.

போன ஆவணியில் கண்டமங்கலத்திலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. "அவங்க நமக்கு எவ்ளோ எழுதுனாங்க ஆயா?" என்று கேட்டால் ஆயா ஒரு தடவை ஐந்நூறு என்கிறார், ஒரு தடவை ஆயிரம் என்கிறார். பேத்தி டெர்மினலைத் திறந்து 'கிரெப்' என்று தட்டி, 'கண்டமங்கல' என்று கொடுத்தாள். கடைசி 'ம்' வேண்டுமென்றே விட்டது. அப்போதுதான் 'கண்டமங்கலம்' என்று எழுதியதும் 'கண்டமங்கலத்து' என்று எழுதியதும் இரண்டுமே மாட்டும். பதினேழு வரிகள் வந்தன. அதில் அந்த வீட்டுக்காரர் பெயர் இரண்டு இடத்தில். காதுகுத்துக்கு ஐந்நூறு, கிரகப்பிரவேசத்துக்கு ஆயிரம். ஆயா சொன்ன இரண்டுமே சரி!

கிரெப் என்பது ஒரு கோப்பில் நாம் கேட்ட சொல் உள்ள வரிகளை மட்டும் பொறுக்கித் தரும் முறம். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்ஸன் எழுதியது, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இதே குடும்பத்தில் 'சார்ட்' வரிசைப்படுத்தும். 'யூனிக்' அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கி, எத்தனை தடவை வந்தது என்று எண்ணும். 'கட்' நமக்கு வேண்டிய கட்டத்தை மட்டும் நறுக்கும். 'ஆக்' தொகைகளைக் கூட்டும். ஒவ்வொன்றுக்கும் தெரிந்தது ஒரே வேலை.

இவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் சூட்சுமம்தான் பெரிது. இரண்டு ஆணைகளுக்கு நடுவில் செங்குத்தாக ஒரு கோடு போட்டால், முதலாவது தருவது அப்படியே இரண்டாவதுக்குள் பாயும். பெயரே 'பைப்'. டக்ளஸ் மெக்கில்ராய் என்பவர், தோட்டத்து ஹோஸ் குழாய்களைத் திருகி இணைப்பது போல நிரல்களை இணைக்க வேண்டும் என்று 1964-லேயே எழுதி வைத்தார். 1973-ல் யூனிக்ஸில் அது நடந்தது. பம்ப்செட்டிலிருந்து கடைசிப் பாத்தி வரை ஹோஸ் போட்டுத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஊர்க் கட்டத்தை நறுக்கி, வரிசைப்படுத்தி, எண்ணி, மறுபடி அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்து என்று நான்கு துண்டுகளை அந்தப் பெண் இணைத்தாள். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் மொய் எழுதியிருக்கிறார்கள் என்று ஒரே வரியில் வந்துவிட்டது. அடுத்த விசேஷத்துக்கு எந்தப் பக்கம் வேன் அனுப்புவது என்பதை இப்போது அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்களாம். குடும்பக் கணக்கு எதுவும் வெளியே யார் சர்வருக்கும் போகவில்லை என்பது எனக்கு அதைவிடப் பிடித்தது.

ஆனால் 'ராமமூர்த்தி' என்று ஒரு நோட்டிலும், 'இராமமூர்த்தி' என்று இன்னொன்றிலும், 'மில்லுக்காரர்' என்று மூன்றாவதிலும் இருந்தால் கருவிக்கு அவர்கள் மூன்று பேர். மூவரும் ஒருவரே என்று சொல்ல ஆயா வேண்டும். பேத்தி சாயங்காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் படித்துக் கேட்கிறாள். பழைய பெயர்களைக் கேட்டால் ஆயாவுக்குத் தடுமாற்றம் குறைவாக இருக்கிறதாம்.

கோணல் மாட்டுக்கு வருகிறேன். 'வளவனூர்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் ஐந்து என்று சொல்லும். 'டபிள்யூ.சி.' என்ற எண்ணும் கருவியைக் கேட்டால் 7 என்கும். 'னூ' என்பது அதற்கு ன-வும் ஊகாரக் குறியும். 'ர்' என்பது ர-வும் புள்ளியும். பைட் கணக்கில் கேட்டால் 21, ஒவ்வொன்றுக்கும் மூன்று வீதம். (எக்கோ ஆணையோடு சேர்த்துச் சோதித்தால், வரி முடிவுக்கும் ஒன்று சேர்ந்து 8, 22 என்று காட்டும், பயப்பட வேண்டாம்.) சொல்லைத் திருப்பிப் போடும் 'ரெவ்' கருவியிடம் கொடுத்தால் 'ர்னூவளவ' என்று வர வேண்டியது, முன்னால் ஒரு அநாதைப் புள்ளியோடு 'ரூனவளவ' என்று வரும். பல டெர்மினல்களில் தமிழ் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதற்கும் காரணம் இதுதான். எத்தனை இடம் விட வேண்டும் என்ற கணக்கே தமிழுக்குச் சரியாக அமையவில்லை. அந்தப் பெண்ணும் விடையை இன்னொரு கோப்பில் கொட்டி, சாதாரண எடிட்டரில் திறந்துதான் படிக்கிறாள். முத்தையா அண்ணாமலை தொடங்கிய 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் நூலகம் வளவனூரைச் சரியாக ஐந்தாக எண்ணும். டெர்மினல் செய்கிற பலருக்கு இது இன்னும் எட்டவில்லை. இதைச் சரிசெய்ய வெளிநாட்டிலிருந்து ஒருவர் வருவார் என்று எனக்கு நம்பிக்கையில்லை, புள்ளி எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த பிள்ளைகள்தான் செய்ய வேண்டும்.

அப்படிப்பட்ட பிள்ளைகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். விழுப்புரத்தில் 'வி-கிளக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் குனு/லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகக் கணினிப் பயிற்சி கொடுத்து வருகிறது. தமிழில் கேள்வி கேட்கலாம். நேரில் போக முடியாதவர்களுக்கு 2012-லிருந்து வரும் 'கணியம்' இணைய இதழ் இருக்கிறது. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசையில் லினக்ஸ் புத்தகமும் அங்கே இலவசம். அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

சமையல்கட்டிலிருந்து வந்த அந்தக் குரலிலும் நியாயம் இருக்கிறது. 'ஆர்.எம்.' என்று ஒரு ஆணை உண்டு. அது கோப்பை அழித்தால் அழித்ததுதான், குப்பைத்தொட்டியில் தேட முடியாது. "இந்த வரியை அப்படியே ஒட்டுங்க, கம்ப்யூட்டர் வேகமாகிடும்" என்று யாராவது அனுப்பினால் ஒட்டாதீர்கள். இப்படி ஒட்டவைத்தே திருடும் கூட்டம் இப்போது இருக்கிறது. ஒரு வரியில் என்ன இருக்கிறதென்று புரிந்த பிறகுதான் என்டர் தட்ட வேண்டும். வளவனூர்ப் பெண் மொய்க் கோப்புக்கு ஒரு நகல் பென் டிரைவில் வைத்திருக்கிறாள். பழைய நோட்டுகளும் பீரோவில் அப்படியே இருக்கின்றன. சாவி ஆயாவிடம்.