குரலுக்கு ஒரு முகம்

உடம்பிலே தோன்றும் நோயை நாம் ஊரறியச் சொல்கிறோம். காய்ச்சல் என்றாலும், நீரிழிவு என்றாலும், இருதய நோய் என்றாலும் அயலவர் வந்து விசாரிப்பர். அறிந்த மருந்தும் அறியாத மருந்தும் கூறிச் செல்வர். உள்ளத்திலே தோன்றும் நோயின் நிலைமையோ வேறு. அதனை நாம் வீட்டின் பின்னறையிலே பூட்டி வைக்கிறோம். மூத்தவளுக்குக் கலியாணம் பேச வேண்டுமே, இளையவனின் எதிர்காலம் என்னாவது என்னும் அச்சம் பெற்றோரின் வாயைக் கட்டிவிடுகிறது. அந்த அச்சத்துக்குரிய விலையை நோயுற்றவரே செலுத்துகிறார்.

இவ்வாறு மறைக்கப்படும் நோய்களுள் தலையாயது சித்தப்பிரமை. இல்லாத குரல் காதில் விழுதல், பிறர் தமக்குத் தீங்கு சூழ்கின்றனர் என்று உறுதியாக நம்புதல், எண்ணமும் பேச்சும் கோவையிழந்து போதல் ஆகியன இதன் குறிகள். இவ்வகை நோய்களுள் மிகவும் அறியப்பட்டதாகிய மனச்சிதைவு நோய், உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவரைப் பற்றியுள்ளது என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. அதுவும் முதுமையில் அன்று; படிப்பை முடித்துத் தொழிலுக்குப் புறப்படும் வாலிபப் பருவத்திலேயே பெரும்பாலும் தலைகாட்டுகின்றது.

குரல் கேட்டல் என்பது வெறுங் கற்பனை எனச் சிலர் நினைப்பதுண்டு. அது தவறு. கேட்பவருக்கு அக்குரல், பக்கத்தில் இருப்பவர் பேசுவது போலவே தெளிவாகக் கேட்கின்றது. 'நீ எதற்கும் உதவாதவன்' என்று அது ஏசும்; 'செத்துப்போ' என்று ஏவும். காலையிலும் மாலையிலும், உண்ணும்போதும் உறங்கப் போகும்போதும் ஒருவர் காதருகே நின்று இங்ஙனம் கூறிக்கொண்டிருந்தால் நம்முள் யார்தாம் நிலைகுலையார்?

1952ஆம் ஆண்டிலே பாரிஸ் நகர வைத்தியர்கள் குளோர்புரோமசீன் என்னும் மருந்தை இந்நோயாளருக்குக் கொடுத்துப் பயன் கண்டனர். அன்று தொட்டு மருந்துகள் பல வந்துள்ளன. எண்ணற்றோர் அவற்றால் வீடு திரும்பி வாழ்கின்றனர். எனினும், மருந்தை ஒழுங்காக உட்கொண்டும் ஏறத்தாழ நாலிலொரு பங்கினருக்குக் குரல்கள் ஓய்வதில்லை. இவர்களுக்கு என் செய்வது? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தவர்களுள் ஒருவரே இலண்டன் மாநகரத்து உளநோய் வைத்தியர் ஜூலியன் லெஃப்.

கணினித் திரையில் ஒரு முகம்

2008ஆம் ஆண்டு. அன்னார் தமது எழுபதாவது வயதை எட்டியிருந்த காலம். நோயாளரிடம் 'உங்களுக்கு மிகவும் துன்பந் தருவது யாது?' என்று கேட்டால், 'அந்தக் குரலை எதிர்த்து ஒன்றும் செய்ய முடியவில்லையே என்னும் இயலாமைதான்' என்று கூறுவதை அவர் பலகாலமாகக் கவனித்து வந்தார். குரலோடு எப்படியோ உரையாடப் பழகிக் கொண்டவர்கள் ஓரளவு தைரியமாக இருப்பதையும் கண்டார். ஆனால், உருவமில்லாத ஒன்றோடு எவ்வாறு உரையாடுவது? அதற்கு ஓர் உருவத்தைக் கொடுத்துவிட்டால் என்ன? பேச்சொலி ஆய்வாளர் மார்க் ஹக்வேல் முதலானோரின் துணையுடன் அவர் ஒரு முறையை வகுத்தார். அதற்கு 'அவதார் சிகிச்சை' என்று பெயர். நமது அவதாரம் என்னும் சொல்லே கணினி உலகஞ் சென்று, திரையில் ஒருவரின் பிரதிநிதியாக நிற்கும் உருவத்தைக் குறிக்கும் சொல்லாகி, இவ்வாறு வைத்தியசாலைக்கும் வந்து சேர்ந்துள்ளது.

சிகிச்சை நடைபெறும் விதம் இது. நோயாளர் முதலில் தம்மை வருத்தும் குரலுக்கு முகம் இருந்தால் அது எத்தகையதாய் இருக்கும் என்று கூறுகிறார். அவர் சொற்படியே கணினியில் ஒரு முகம் அமைக்கப்படுகின்றது. பின்னர், சிகிச்சையாளரின் குரலைக் கணினி மாற்றி மாற்றி ஒலிக்க, 'ஆம், இதுதான் அந்தக் குரலைப் போன்றது' என்று நோயாளர் ஒன்றைத் தெரிகிறார். இனி அவர் ஓர் அறையில் திரையின் முன் அமர்கிறார். சிகிச்சையாளர் மற்றோர் அறையில் இருக்கிறார். சிகிச்சையாளருக்கு இரண்டு வேடங்கள். ஒரு சமயம் அந்தக் கொடிய முகத்தின் வாயிலாக, நோயாளர் நாள்தோறும் கேட்கும் ஏச்சுகளையே பேசுவார். மறு சமயம் தமது சொந்தக் குரலில், 'அஞ்ச வேண்டாம். நிமிர்ந்திருந்து பதில் சொல்லுங்கள்' என்று ஊக்குவார். நோயாளர் எதிர்த்துப் பேசப் பேச, அந்த முகம் சிறிது சிறிதாகத் தணிகின்றது, விட்டுக் கொடுக்கின்றது, ஈற்றில் நயமாகவும் பேசத் தலைப்படுகின்றது. உரையாடல் ஒலிப்பதிவு செய்யப்பட்டு நோயாளரிடம் கொடுக்கப்படும். வீட்டிலே குரல் தொல்லை செய்யும்போது தாம் அதனை வென்ற பதிவைப் போட்டுக் கேட்கலாம்.

இது நோயாளரை ஏமாற்றுவது ஆகாதோ என்று மாணவர் கேட்கலாம். ஆகாது. திரைக்கு அப்பால் இருந்து பேசுபவர் சிகிச்சையாளரே என்பதை நோயாளர் நன்கு அறிவார். அறிந்தும் அந்த முகத்தைக் கண்டு நடுங்குகிறார். நமது கூத்திலே அரக்கன் வேடம் புனைந்து வருபவர் அடுத்த வீட்டுக்காரரே என்று தெரிந்திருந்தும், அவர் கர்ச்சித்தவுடன் பிள்ளைகள் தாயின் மடியில் முகம் புதைப்பதில்லையா? அறிவு ஒன்றை அறியும். உள்ளம் வேறொன்றை உணரும். இந்த இடைவெளியிலேதான் இச்சிகிச்சை வேலை செய்கின்றது.

கண்ட பயன் என்ன?

முதற் சோதனையின் முடிவு 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிகிச்சையை முடித்தோர் 16 பேர். அவர்களுள் மூவருக்குக் குரல்கள் முற்றாகவே நின்றுபோயின. அம்மூவருள் ஒருவர் 16 ஆண்டுகளாகக் குரல் கேட்டு வந்தவர். இச்செய்தி பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஆயினும், 16 பேரைக் கொண்டு உலகுக்கு விதி வகுத்தல் விஞ்ஞானம் ஆகாது. ஆகவே 150 நோயாளரைக் கொண்டு விரிவான சோதனை நடத்தப்பட்டது. பாதிப் பேருக்கு அவதார் சிகிச்சை. மற்றப் பாதிப் பேருக்கு ஆதரவான ஆலோசனை. 2018இல் வெளியான முடிவின்படி, 12 வாரங்களில் அவதார் சிகிச்சை பெற்றோரே கூடிய நன்மை அடைந்தனர். 24ஆம் வாரத்தில் அந்நன்மை குன்றாதிருந்தது. ஆனால் ஆலோசனை பெற்றோரும் தேறிவிட்டமையால் இரு சாராருக்குமிடையே வேறுபாடு இல்லாமற் போயிற்று.

மூன்றாவது சோதனை இன்னும் பெரியது. 345 பேர் அதிற் பங்குபற்றினர். முடிவு 2024இல் வெளிவந்தது. 16ஆம் வாரத்தில் குரல்களால் உண்டாகும் வேதனை குறைந்தது. 28ஆம் வாரத்தில் அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. ஆனால், நீண்ட சிகிச்சை பெற்றோருக்குக் குரல் கேட்கும் தடவைகள் குறைந்து, அக்குறைவு 28ஆம் வாரத்திலும் நீடித்தது. மாணவர்கள் இவ்விடத்தைக் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும். நல்ல செய்தியையும் குறையையும் ஒரே தாளிற் பதிப்பிப்பதே ஆராய்ச்சி. 'ஒரே நாளில் பூரண சுகம்' என்று கூறுவது விளம்பரம்.

வேறு முயற்சிகளும் உண்டு. சித்தப்பிரமை உற்றோர் பலர் வெளியே செல்ல அஞ்சி வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டானியல் ஃபிரீமன் குழுவினர், கண்ணில் அணியும் ஒரு கருவியினால் பேருந்தையும் கடையையும் வைத்தியரின் காத்திருப்பு அறையையும் மாயக் காட்சியாகத் தோற்றுவித்து, நோயாளரை அவற்றில் உலாவப் பழக்குகின்றனர். 346 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2022இல் வெளிவந்தது. அச்சம் மிகுந்தவர்களே மிகுந்த பயன் பெற்றனர் என்பது அதிற் கண்ட சிறப்பு.

மொழி கற்போருக்குச் சுவையானது மற்றோர் ஆய்வு. நோய் வரக்கூடும் என ஐயுறப்பட்ட 34 இளைஞரின் பேச்சை நியூயோர்க் ஆய்வாளர்கள் எழுத்தில் வடித்தனர். ஒரு வாக்கியம் அடுத்த வாக்கியத்தோடு பொருளால் எவ்வளவு இயைகின்றது, வாக்கியங்கள் எவ்வளவு சிக்கலாக அமைகின்றன என்பவற்றைக் கணினி அளந்தது. பின்னாளில் நோய்வாய்ப்பட்டவர் ஐவர். அவ்வைவரையும் கணினி சரியாகப் பிரித்துக் காட்டியது. 2015இல் வெளியான இம்முடிவு வியப்புக்குரியதே. எனினும் ஐவர் என்பது சிறு தொகை. மேலும், ஒரு மொழிக்குச் செய்த அளவுகோலை இன்னொரு மொழிக்கு அப்படியே பொருத்துதல் இயலாது.

கைத்தொலைபேசியும் இத்துறையிற் புகுந்துள்ளது. பொஸ்டன் நகரில் மனச்சிதைவு உற்ற 17 பேரின் நடமாட்டத்தையும் பிறரோடு கொண்ட தொடர்பையும் அவர்தம் தொலைபேசிகளின் மூலம் மூன்று மாதம் வரை கவனித்தனர். நோய் மீண்டும் தலைதூக்குவதற்கு முந்திய இரண்டு வாரங்களிலே, வழக்கத்துக்கு மாறான போக்குகள் ஏனைய காலங்களைவிட 71 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டன என்று 2018இல் அறிவித்தனர். முன்கூட்டியே அறிந்தால் முன்கூட்டியே உதவலாம் அன்றோ? ஆயின் ஓர் எச்சரிக்கை. 'என்னை யாரோ கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று அஞ்சுவதே பலருக்கு நோய். அத்தகையவரை உண்மையாகவே ஒரு கருவி கவனிப்பதாயின், அவர் அறியவும் இசையவும் வேண்டும். அவர் வேண்டாம் என்றால் கருவியை எடுத்துவிடுதலே தருமம்.

சென்னையிற் கேட்ட குரல்கள்

தமிழருக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் டானியா லூர்மன் குழுவினர், கலிபோர்னியாவிலும் கானா நாட்டின் அக்ராவிலும் சென்னையிலும் நகருக்கு 20 பேராகக் குரல் கேட்போரைச் சந்தித்து உரையாடினர். கலிபோர்னியாவில் குரல்கள் பெரும்பாலும் கொடுமையும் வன்மமும் உடையனவாக இருந்தன. சென்னையிலோ பாதிக்கு மேற்பட்டோர் தம் உறவினரின் குரல்களையே கேட்டனர். அவை ஏசின, அதனோடு வீட்டு வேலைகளைச் செய்யும்படியும் ஏவின. மனிதர் வாழும் சூழல், அவர் கேட்கும் குரலுக்குள்ளும் புகுந்துவிடுகிறது என்பதே இதனால் அறியத்தக்கது. அதே சென்னையில் டாக்டர் சாரதா மேனன் முதலானோர் 1984இல் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிலையம், புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பி, அதிலுள்ள திரையின் வழியே சென்னை வைத்தியர் நோயாளரோடு பேசும் ஏற்பாட்டையும் செய்தது.

இனி, லெஃப் அவர்களிடம் மீள்வோம். அவதார் சிகிச்சைக்கு நெடுங்காலம் முன்னரே அவர் பெயர் பெற்றது வேறோர் ஆய்வினால். வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய நோயாளருள் யார் மீண்டும் நோய்வாய்ப்படுகின்றனர் என்று அவரும் கிறிஸ்டீன் வோனும் ஆராய்ந்து, 1976இல் முடிவை வெளியிட்டனர். ஓயாமற் குறைகூறும் வீடுகளிலும், அளவுமீறித் தலையிடும் வீடுகளிலும் நோய் மீள்வது கூடுதலாயிருந்தது. நோய்க்குக் குடும்பமே காரணம் என்பது இதன் பொருளன்று. குடும்பத்தின் சொல்லுக்கு நோயைத் தணிக்கவும் கிளறவும் வலிமை உண்டு என்பதே பொருள். குடும்பத்தினருக்கு நோயின் தன்மையை விளக்கி, பேசும் முறையைப் பழக்கியபோது நோய் மீள்வது குறைந்தது என்பதையும் பின்னர் அவர் நிறுவினார்.

'சோம்பேறி', 'நடிக்கிறான்', 'குடும்பத்துக்கு வந்த கேடு' என்று நாம் சொல்லும் சொற்களை, அந்தக் காணாக் குரலும் அவரிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்குத் துணைக்குரல் கொடுப்பது பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் தகுமா? குரல் கேட்கிறது என்று பிள்ளை கூறினால், 'அப்படி ஒன்றும் இல்லை' என்று அடக்க வேண்டாம். 'எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உனக்கு அது எவ்வளவு துன்பம் என்று விளங்குகிறது' என்று சொல்லுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்த விடாதீர்கள். காலந் தாழ்த்தாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். நமது அரசாங்க வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் உண்டு. தேசிய மனநல நிறுவகத்தை 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அழைத்தும் ஆலோசனை பெறலாம்.

ஜூலியன் லெஃப் 2021இல் காலமானார். அவர் வகுத்த கணினிச் சிகிச்சை நமது ஊருக்கு வந்து சேர இன்னும் காலஞ் செல்லலாம். அவர் 1976இற் கூறியதைக் கடைப்பிடிக்கவோ கருவி எதுவும் வேண்டியதில்லை. இன்று மாலை வீட்டிலேயே தொடங்கலாம்.